இசைத்தட்டுக்கு ஒரு குளியல்

(வீட்டிலேயே, சிக்கனமாக ரெக்கார்டு கழுவுவது பற்றிய கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: பரண் ஒழித்தபோது அப்பா வாங்கி வைத்த எல்.பி. தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடைத்தன. கழுவும் இயந்திரத்தின் விலையைக் கேட்டுப் பின்வாங்கிவிட்டேன். ஐந்நூறு ரூபாய்க்குள் காரியம் ஆகுமா?
(கும்பகோணம்)

பதில்: ஆகும். ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், மணமும் நிறமும் குறைந்த பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், மிக மென்மையான முடியுள்ள அகலத் தூரிகை ஒன்று, மைக்ரோஃபைபர் துணி மூன்று, ஒரு ஸ்ப்ரே பாட்டில். இவ்வளவுதான் செலவு. தட்டை நிறுத்தி உலர்த்த, சமையலறையில் சாப்பாட்டுத் தட்டு செருகி வைக்கும் ஸ்டாண்டே போதும்.

பொருளைவிட முறைதான் பெரிது. முதலில் காய்ந்த தூரிகையால் மேல்தூசியை எடுத்துவிடுங்கள். தூசியோடு நனைத்தால் அது சேறாகி உள்ளே இறங்கும். மேசையில் சுத்தமான தடித்த துண்டை விரித்து அதன்மேல் தட்டை வையுங்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு இரண்டே சொட்டு திரவம் கலந்து, லேபிளில் படாமல் தெளித்து, தூரிகையை வட்டத்தோடு வட்டமாக ஓட்டுங்கள். வலமாகச் சில சுற்று, இடமாகச் சில சுற்று. மையத்திலிருந்து விளிம்புக்குக் குறுக்கே இழுக்கவே கூடாது. பள்ளம் ஓடும் திசையில் தூரிகை ஓடினால்தான் அழுக்கு வெளியே வரும். ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு மறுபடி ஒரு சுற்று.

இனிதான் முக்கியமான கட்டம். திரவம் கலக்காத வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். துணியால் ஒற்றி எடுங்கள். புது நீரால் இன்னொரு தடவை அலசுங்கள். இந்த இரண்டாவது அலசலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவிய பிறகும் தட்டு கரகரக்கிறது என்று எழுதுகிறவர்களிடமெல்லாம் நான் முதலில் கேட்பது, எத்தனை தடவை அலசினீர்கள் என்பதைத்தான். தேய்ப்பது அழுக்கைக் கிளப்பும். அலசுவதுதான் அதை வெளியேற்றும்.

துண்டை மாற்றிவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். பிறகு ஸ்டாண்டில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து உலர விடுங்கள். விசிறி ஓடினால் அறையின் தூசியெல்லாம் ஈரத்தட்டில் வந்து ஒட்டும். முழுக்கக் காய்ந்த பிறகே உறைக்குள் போட வேண்டும், அதுவும் புது உறையில். குளித்துவிட்டு அழுக்கு வேட்டியை எடுத்துக் கட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். தட்டுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?
(இராமநாதபுரம்)

பதில்: பள்ளத்தின் அளவைப் பாருங்கள், மரியாதை தானாக வரும். எல்.பி.யில் ஒரு பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் இருபது நிமிடம் பாடும் பக்கத்தில் 660க்கு மேற்பட்ட சுற்றுகள். அந்தப் பள்ளத்தைப் பிரித்து நீட்டினால் 400 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீளத்திலும் இரண்டு சுவர்களிலும் பாட்டு செதுக்கப்பட்டிருக்கிறது.

இனி உங்கள் போர் தண்ணீருக்கு வருவோம். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கடலோர மாவட்டங்களில் அதைவிட அதிகமாகவும் இருக்கும். தட்டில் 5 மில்லி நீர் தங்கிக் காய்ந்தால், அதிலிருந்த 5 மில்லிகிராம் உப்பு அங்கேயே படியும். நீர் பறந்துவிடும், உப்பு பறக்காது. நம் கண் அதைக் காணாவிட்டாலும் ஊசி அதில் மோதி, ஒவ்வொரு மோதலையும் ஒரு சொடக்காக ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

சிக்கனத்துக்கு ஒரு வழி உண்டு. மிகவும் அழுக்கான தட்டை முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். குழாய் நீர் காய்வதற்குள் இரண்டு அலசலையும் டிஸ்டில்டு வாட்டரில் முடித்துவிடுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு டம்ளர் நீர் போதும்.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீர்?
(ஆவடி)

பதில்: போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். ருசிக்காகச் சில இயந்திரங்கள் கனிமத்தைத் திரும்பச் சேர்க்கவும் செய்கின்றன. கழுவ எடுங்கள், கடைசி அலசலுக்கு வேண்டாம்.

கேள்வி: ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் காய்ச்சி வடித்த மாதிரிதானே? தினமும் ஒரு வாளி வீணாகிறது.
(மதுரை)

பதில்: காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் உப்பு குறைவு என்பது சரி. ஆனால் அது தூசி படிந்த உலோகத் தகடுகள் மீதும் பாசி பிடித்த குழாய் வழியாகவும் வருகிறது. தூசியை எடுக்கத்தானே கழுவுகிறோம்? அந்த வாளி செடிக்குப் போகட்டும்.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டரைப் பேட்டரி கடையில் வாங்கலாம் என்கிறார்கள். அது ஆசிட் இல்லையா?
(விருதுநகர்)

பதில்: கடையில் இரண்டும் இருக்கும். பேட்டரியில் அளவு குறையும்போது ஊற்றுவது டிஸ்டில்டு அல்லது டிமினரலைஸ்டு வாட்டர். அதுதான் நமக்கு வேண்டும். புது பேட்டரியில் முதலில் நிரப்புவது நீர்த்த கந்தக அமிலம். அது தோலையும் துணியையும் பொசுக்கிவிடும். கேனின் மேலுள்ள எழுத்தைப் படித்துவிட்டு, மூடி முத்திரையோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள். திறந்த கேனிலிருந்து ஊற்றித் தருவதை வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: தாத்தா காலத்துக் கறுப்புத் தட்டுகளும் என்னிடம் இருக்கின்றன, எழுபதுகளின் எல்.பி.களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம் என்கிறார் நண்பர்.
(காரைக்குடி)

பதில்: நண்பரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்! தாத்தா காலத்துத் தட்டு ஸ்பிரிட் பட்டால் கரையும்.

78 சுற்று வேகத் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அரக்கில் செய்தவை. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் மூலப்பொருள். அதோடு கல்மாவும் கரித்தூளும் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டாக்கினார்கள். உலகத்துக்கே அரக்கு அனுப்பிய நாடு நம்முடையது. கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கி, பின்னர் டம்டமுக்கு மாறியது. நம் வீடுகளில் இருக்கும் நாய்ப்படத் தட்டுகளில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவைதான். மேசை நாற்காலிக்கு மெருகேற்றும் ஆசாரி அரக்கைக் கரைப்பது எதில்? ஸ்பிரிட்டில். அதே ஸ்பிரிட்டைத் தட்டில் தேய்த்தால் துணியில் கறுப்பாக வருவது அழுக்கு இல்லை. கிட்டப்பாவின் குரல், சுந்தராம்பாளின் குரல்.

எல்.பி.யின் கதை வேறு. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தத் தட்டு பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக். அதற்கு நீர்த்த ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேடு செய்யாது. ஆனாலும் கலவையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சாதாரணத் தூசிக்கு அதுவும் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, பூஞ்சை ஆகிய இரண்டுக்கு மட்டும் எடுங்கள்.

எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? லேபிளில் 78 என்றிருக்கும், கையில் கனக்கும், வளையாது, ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் பாடும். இவை சேர்ந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தாலும் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் அரக்குத் தட்டைத் தண்ணீரிலும் கழுவக் கூடாதா?
(அதே காரைக்குடி)

பதில்: கழுவலாம், சீக்கிரமாக. ஈரத் தூரிகையால் ஓட்டி, அலசி, உடனே ஒற்றிவிட வேண்டும். ஊறப்போடக் கூடாது, உள்ளே கலந்திருக்கும் தூள் ஈரத்தை உறிஞ்சும். கொலம்பியா உள்ளிட்ட சில நிறுவனங்களின் பழைய தட்டுகளில் நடுவே காகித அடுக்கு உண்டு. விளிம்பு உடைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் நீர் உள்ளே புகுந்து அடுக்கு உப்பிவிடும். அத்தகைய தட்டுக்குக் காய்ந்த தூரிகை மட்டும்.

கேள்வி: கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் ஐந்து லிட்டர் மிச்சம். எல்.பி.க்குப் பயன்படுமா?
(திருப்பூர்)

பதில்: படாது. கை வறண்டுவிடக் கூடாது என்று அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையிலேயே 1.45 சதவீதம் உண்டு. ஆல்கஹால் பறந்த பிறகு கிளிசரின் பள்ளத்தில் பிசுக்காகத் தங்கித் தூசியை வரவேற்கும். கடையில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டையும் தவிருங்கள். வேறு பொருள் கலந்த வகைகள் உண்டு.

கேள்வி: இரண்டு சொட்டு சோப்புத் திரவம் எதற்குப் போதும்? நான் தாராளமாக ஊற்றுகிறேன், நுரை வந்தால்தான் திருப்தி.
(நாகர்கோவில்)

பதில்: அம்மா, நுரை உங்கள் கண்ணுக்குத் தரும் திருப்தியை ஊசிக்குத் தராது. வெறும் நீர் பிளாஸ்டிக் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பரப்பு இழுவிசை காரணமாகக் குறுகிய பள்ளத்துக்குள் இறங்காது. அந்த இழுவிசையைத் தளர்த்தி நீரை உள்ளே அனுப்புவதுதான் திரவத்தின் வேலை. அதற்குச் சொட்டே போதும். அதிகமானால் வாசனையும் சாயமும் கெட்டிப்படுத்தும் உப்பும் உள்ளே தங்கும். வெளியேற்ற மூன்று மடங்கு நீர் செலவாகும்.

ஃபிலிம் கழுவும் புகைப்படக்காரர்களிடம் கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ என்ற திரவம் இருக்கும். நீர் திட்டுத் திட்டாகக் காயாமல் இருப்பதற்கென்றே செய்தது. கிடைத்தால் அதுவும் சில சொட்டு போதும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் தட்டுகளைப் பாதுகாப்பவர்கள் டெர்ஜிடால் என்ற திரவத்தை மிகமிகக் குறைந்த அளவில் சேர்க்கிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய ஒலிச் சேகரிப்புகளில் ஒன்றே துளிக்கணக்கில் சிக்கனம் பார்க்கிறது, கவனியுங்கள்.

கேள்வி: லேபிள் நனையாமல் கழுவ முடியவில்லை. ஒவ்வொரு முறையும் சாயம் ஓடுகிறது.
(புதுச்சேரி)

பதில்: எல்.பி. லேபிளின் விட்டம் பத்து சென்டிமீட்டர். அதைவிடச் சற்றுப் பெரிய, விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் டப்பா மூடிகள் இரண்டு எடுங்கள். மூடியின் விளிம்பு லேபிளைத் தாண்டி, பாட்டு முடிந்த வெற்றுப் பகுதியில் உட்கார வேண்டும். பள்ளத்தின் மேல் உட்காரக் கூடாது. விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் ஒட்டி, இரண்டுக்கும் நடுவில் துளையிட்டு, தட்டின் துளை வழியாக ஒரு பிளாஸ்டிக் போல்ட்டைச் செருகி மென்மையாக முடுக்குங்கள். இரும்புக் கடையில் எல்லாம் கிடைக்கும். லேபிள் காப்பாற்றப்பட்டதோடு, தட்டைப் பிடிக்கப் பிடியும் கிடைத்துவிட்டது.

லேபிள் வெறும் அலங்காரம் இல்லை. பாடியவர், எழுதியவர், தட்டு எண் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பல தனிப்பாடல் தட்டுகளுக்கு வேறு எந்தப் பதிவும் மிஞ்சவில்லை.

கேள்வி: மைக்செட் வைத்திருந்த மாமாவிடமிருந்து வந்த தட்டுகள். எத்தனை முறை கழுவினாலும் உச்சஸ்தாயியில் பாட்டு பிளந்துகொண்டு கேட்கிறது. இன்னும் எப்படிக் கழுவுவது?
(திண்டுக்கல்)

பதில்: இனிக் கழுவாதீர்கள் தம்பி. அது அழுக்கு இல்லை, தேய்மானம்.

உங்கள் மாமாவின் தட்டுகள் ஊருக்காக உழைத்தவை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று அதிகாலை முதல் நள்ளிரவு வரை சுழன்றவை. 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டை எத்தனை ஊர்த் திடல்களில் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள்! அந்தப் பிளேயர்களின் கை கனமானது, ஊசியை அடிக்கடி மாற்றும் வசதியும் இல்லை. மழுங்கிய ஊசி பள்ளத்தின் சுவரை இழைத்துவிடும். சத்தம் உயரும் இடத்தில்தான் பள்ளம் அதிகம் நெளிகிறது. எனவே முதலில் சேதமாவதும் அந்த இடமே.

அறிய எளிய வழி: அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைத் தட்டின் மேல் சாய்வாக விடுங்கள். ஆரோக்கியமான தட்டு கறுப்பாக மினுங்கும். தேய்ந்தது சாம்பல் பூத்து மங்கலாக இருக்கும். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு பொறுக்குகிறவர்கள் வாங்குமுன் இதைத்தான் செய்ய வேண்டும். தூசியைக் கண்டு ஒதுக்க வேண்டாம், தூசி போய்விடும். சாம்பல் நிறத்தைக் கண்டால் யோசியுங்கள்.

ஒரு நம்பிக்கையும் சொல்கிறேன். வேறு கூர்ப்புள்ள ஊசி சுவரின் வேறு உயரத்தைத் தொடும். தேயாத பகுதி அங்கே மிச்சம் இருந்தால் தட்டு மறுபடி தெளிவாகப் பாடும். செலவு உண்டு என்பதால் மாமாவின் தட்டுகளில் உயிரானவை எவை என்று முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

கேள்வி: சொடக்குச் சத்தம் தூசியாலா, கீறலாலா?
(சேலம்)

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். எல்.பி. ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. சரியாக 1.8 விநாடிக்கு ஒரு சொடக்கு என்றால் குறுக்குக் கீறல், கழுவிப் பயனில்லை. தாறுமாறாக வந்தால் தூசி, கழுவுங்கள். 45 சுற்றுத் தட்டுக்கு அந்த இடைவெளி 1.33 விநாடி, 78க்கு முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம்.

கேள்வி: பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது. அங்கே அழுக்கு அதிகம் சேருமா?
(வேலூர்)

பதில்: சேராது. விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. மையத்தை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை அரைக்கும் குறைவான நீளத்தில் அடைத்திருக்கிறார்கள். மழுங்கிய ஊசிக்கும் தேய்ந்த பள்ளத்துக்கும் அங்கேதான் சோதனை. ஒரு முறை கழுவிப் பாருங்கள், அப்புறம் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய்? தேங்காய் எண்ணெய்? பளபளப்பு அருமையாக வருகிறதே!
(பொள்ளாச்சி)

பதில்: இரண்டும் வேண்டாம். பளபளப்பது பள்ளத்துக்குள் தங்கிவிட்ட எண்ணெய். நாளைக்கு அதில் தூசி ஒட்டும், மறுநாள் அது களிம்பாகும்.

கேள்வி: ஈரத்தோடு பாடவிட்டால் சத்தமே இல்லாமல் பாடுகிறது. அப்படியே தொடரலாமா?
(திருச்சி)

பதில்: அன்றைக்கு இனிக்கும். நீரோடு கரைந்த அழுக்கை ஊசி பள்ளத்தின் அடியில் இழுத்து அப்பிவிடும்; காய்ந்த பிறகு முன்பைவிட அதிகமாகக் கரகரக்கும். அப்புறம் எப்போதும் ஈரத்தில்தான் கேட்க வேண்டும். ஊசியைப் பிடித்திருக்கும் பசைக்கும் ஈரம் ஆகாது.

கேள்வி: மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்கத் தடவி, காய்ந்ததும் உரித்தால் அழுக்கு மொத்தமும் வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
(கோயம்புத்தூர்)

பதில்: எல்.பி.யில் உண்மை. பசை பள்ளத்துக்குள் இறங்கி, அழுக்கைப் பிடித்துக்கொண்டு, தோலாக உரிந்து வரும். ஆனால் எல்லாப் பசையும் ஒன்றுபோல் உரிவதில்லை. மெல்லியதாகத் தடவிய இடத்தில் கிழியும். கிழிந்த துணுக்கு பள்ளத்திலேயே நிற்கும். முழுக்கக் காய ஒரு நாளாவது ஆகும். செய்வதென்றால் இரண்டு பிரதி உள்ள தட்டில், நீங்கள் வாங்கும் அதே பசையால் முதலில் சோதியுங்கள். தடிமனாகத் தடவுங்கள், லேபிளுக்கு அருகே போகாதீர்கள். அரக்குத் தட்டில் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: நகைக்கடையில் ஒலி அலையால் நகை கழுவும் தொட்டியைப் பார்த்தேன். அதில் தட்டைக் கழுவ முடியுமா?
(கரூர்)

பதில்: கருத்து சரி, தட்டுக்கென்றே அப்படி இயந்திரங்கள் விற்கிறார்கள். நகைத் தொட்டி சிறிது. முப்பது சென்டிமீட்டர் தட்டை நிறுத்தி, லேபிள் மூழ்காமல் மெதுவாகச் சுழற்ற வழி வேண்டும். தொட்டி ஓட ஓட நீரும் சூடாகும், சூடு பி.வி.சி.யை வளைக்கும். நூற்றுக்கணக்கில் தட்டு வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தட்டுக்கான இயந்திரமே ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் நியாயமான செலவு.

கேள்வி: தட்டின்மேல் வெள்ளைப் புள்ளிகள், உறையில் மக்கல் நாற்றம்.
(பினாங்கு)

பதில்: பூஞ்சை. உங்கள் ஊரின் ஈரப்பதம் அதற்கு விருந்து. அது பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. தட்டில் இருக்கும் கைரேகைப் பிசுக்கையும் காகிதத் தூளையும் தின்கிறது. ஆகவே விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டுத் தட்டைத் தூக்கும் பழக்கமே முதல் மருந்து.

முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த தூரிகையால் எடுங்கள். எல்.பி. என்றால் மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்து கழுவி, இரண்டு முறை அலசுங்கள். நாள்பட்ட பூஞ்சை இருந்த இடத்தில் தழும்பு நிற்கலாம். மெல்லிய இரைச்சல் மிஞ்சும். பழைய உள் உறையைக் குப்பையில் போடுங்கள். புது உறை பாலித்தீனாக இருக்கட்டும்; மெத்தென்ற பி.வி.சி. உறை காலப்போக்கில் கசிந்து தட்டில் புகைபோலப் படியும். அலமாரியில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி சிலிக்கா ஜெல் பைகள் வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்துதான் அந்துருண்டை போடுகிறோம். அலமாரியை மாதம் ஒருமுறை திறந்து துடைத்தாலே அது அண்டாது.

கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுத் தட்டுகள் முழுகின. அப்படியே கட்டி மூட்டையாக வைத்துவிட்டோம். பிரிக்கவே மனம் வரவில்லை. ஏதாவது தேறுமா?
(சைதாப்பேட்டை)

பதில்: எல்.பி.கள் தேறும், தைரியமாகப் பிரியுங்கள். பி.வி.சி. நீரில் கெடுவதில்லை. கெட்டிருப்பது அட்டை, ஒட்டியிருப்பது உள் உறை. காய்ந்து ஒட்டிய காகிதத்தைச் சுரண்டாதீர்கள். ஒரு நகக் கீறல் போதும், பாட்டு போய்விடும். டிஸ்டில்டு வாட்டரை அதன்மேல் தெளித்து, ஈரத்துணி போர்த்தி, காகிதம் தானாக இளகும்வரை காத்திருங்கள். உரிந்த பிறகு நிறைய நீரால் சேற்றை ஓடவிடுங்கள். சேற்றில் மணல் இருக்கும், நீர் ஓடி அது போகும்வரை தூரிகையை வைக்காதீர்கள். சாக்கடை கலந்த வெள்ளம் என்பதால் கையுறை அவசியம்.

அட்டையைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் தூக்கி எறியுமுன் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளும் போயிருந்தால் பாட்டு முடியும் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அது எந்தத் தட்டு, எந்தப் பக்கம் என்று சேகரிப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள். அரக்குத் தட்டுகளை மட்டும் தனியே எடுத்து, விரிசலுக்கு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்குப் பிளேயருக்கும் தட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். கறை போகுமா?
(தஞ்சாவூர்)

பதில்: பள்ளத்தில் பட்டது ஈரத்தில் ஊறிப் போய்விடும், லேபிள் காகிதத்தில் ஏறியது போகாது. வழக்கத்தை விட வேண்டாம். பொட்டைப் பிளேயரின் மரப்பெட்டிக்கு வையுங்கள், தட்டின் அட்டைமேல் பூ வையுங்கள்.

கேள்வி: தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி. போடலாமா?
(மயிலாடுதுறை)

பதில்: கூடாது! அதன் கை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், இரும்பு முள் வேறு. எல்.பி.க்கு இரண்டு கிராம் போதும். ஒரே தடவையில் தட்டு முடிந்துவிடும்.

கேள்வி: தட்டைக் கழுவினேன், இன்னும் மந்தமாகக் கேட்கிறது.
(ஈரோடு)

பதில்: ஊசியைக் கழுவினீர்களா? லென்ஸ் வைத்துப் பாருங்கள், நுனியில் பஞ்சுபோல் தூசி சுற்றியிருக்கும். காய்ந்த மென்தூரிகையால் பின்னிருந்து முன்னோக்கி மட்டும் தடவுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் ஊசித்தண்டு வளையும். விரலால் தட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

கேள்வி: எல்லாப் பாட்டும் செல்போனிலேயே கிடைக்கும்போது இந்த மெனக்கெடல் தேவையா?
(சென்னை)

பதில்: எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை. 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா சினிமாவில் நடிக்கவில்லை. அவர் குரலை நாம் கேட்பது அரக்குத் தட்டுகளின் தயவால். நாடகப் பாட்டு, நகைச்சுவைப் பேச்சு, நாதஸ்வரத் தட்டு, பின்னால் மறுபதிப்பே காணாத தனிப்பாடல்கள் என்று எத்தனையோ இன்னும் வீட்டுப் பரண்களில்தான் கிடக்கின்றன. வி.ஏ.கே. ரங்காராவைப் போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்ததால்தான் பல பாட்டுகளின் விவரமே நமக்குத் தெரிகிறது. பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு ஓடியன் நிறுவனத்தின் இந்தியத் தட்டுகள் டிஜிட்டலாக்கப்பட்டதும் வீடு வீடாகத் தட்டைக் காப்பாற்றி வைத்தவர்கள் இருந்ததால்தான்.

உங்கள் பெட்டியில் இருப்பது அபூர்வமா இல்லையா என்று லேபிளைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். பெயர் புதிதாக இருந்தால், கழுவுமுன் இரு லேபிளையும் படமெடுத்து ஒரு சேகரிப்பாளரிடமோ ஆவணக் காப்பகத்திடமோ காட்டுங்கள்.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?
(திருநெல்வேலி)

பதில்: நாள் கணக்கு கிடையாது. ஒருமுறை நன்றாகக் கழுவி, நன்றாக அலசி, புது உறையில் நிறுத்தி வைத்த தட்டுக்கு, ஒவ்வொரு முறை போடும்போதும் காய்ந்த தூரிகையால் ஒரு சுற்று போதும். இரைச்சல் கூடினால் மட்டும் மறுபடி கழுவுங்கள். உள் உறை காகிதமாக இருந்தால், தட்டைச் செருகுமுன் அதன் ஓரத்தில் கழுவிய தேதியைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். பாலித்தீன் உறை என்றால் ஒரு சீட்டில் எழுதி அட்டை உறைக்குள் போட்டு வையுங்கள்.